டிபன் டப்பாவில் வந்த நத்தை

அந்தக் குடியிருப்பில் எனக்கு இரண்டு பெயர்கள். வருகைப் பதிவேட்டில் 'துப்புரவு இரண்டு'. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த கவிதையில் 'விடியலின் தேவதை'. லிஃப்டில் ஏறினால் மட்டும் தேவதை உடனே துப்புரவு இரண்டாகிவிடுவாள். "படியில போம்மா, லிஃப்ட்டெல்லாம் ஈரம் ஆகுது" என்பார்கள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பதினோரு வருடமாக அங்கே கூட்டுகிறேன். நான்கு கட்டிடங்கள், நடுவே கேட்டிலிருந்து உள்ளே வரும் சிமெண்ட் நடைபாதை, இரண்டு பக்கமும் மஞ்சள் பூ மரங்கள். மரம் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு வேறு வேலை கிடையாது, கூட்டக் கூட்ட உதிர்க்கும். காலை ஆறு மணிக்கு மேல் நடைபாதையில் ஒரு சருகு கிடக்கக் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் பதினான்காவது விதி. மீறினால் என்ன ஆகும் என்பது பதினைந்தாவது விதி. வேலை போகும். வேலையோடு சேர்த்து, மோட்டார் அறைக்குப் பின்னால் எங்களுக்குக் கொடுத்திருக்கும் ஒற்றை அறையும் போகும். அந்த அறையில் நான், வேன் ஓட்டும் என் வீட்டுக்காரர், நர்சிங் படிக்கும் என் மகள் மூவரும் இருக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடினால் இந்தப் பக்கம் எங்கள் தட்டுகளெல்லாம் ஆடும். ஆடினாலும் வீடு வீடுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் அழகு வந்து புகுந்தது.

கொண்டுவந்தவர் முதல் மாடி இன்ஜினீயர். வேலையில் இருந்த காலத்தில் இரண்டு பாலம் கட்டியவர். அதில் ஒன்று இன்னும் நிற்கிறது என்று சங்கச் செயலாளர் சொல்வார். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மனைவியின் சமையலறையை இரண்டு தடவை தலைகீழாக மாற்றி அடுக்கினார். அந்த அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லி ஒரு கேமரா வரவழைத்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. ஒரே மாதத்தில் 'அன்றாட அழகு வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்து, தன்னையும் சேர்த்து எட்டுப் பேரைத் திரட்டி, தானே தலைவரும் ஆகிவிட்டார். தினமும் காலையில் ஒரு படம் எடுக்க வேண்டும். படத்துக்கு ஒரு கவிதை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தள ஹாலில் உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் 'ஆகா' சொல்ல வேண்டும். சொல்லாதவர்களை அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

ஒருநாள் காலை, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் "நிறுத்து!" என்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு திரும்பினேன். இன்ஜினீயர், செயலாளர், மூன்றாவது மாடி டீச்சர் மூன்று பேரும் கழுத்தில் கேமராவோடு நின்றார்கள். டீச்சர் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தியே பேச மாட்டார். என் மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து புத்தகம் கொடுத்து உதவியவர். அந்தக் கட்டிடத்தில் என்னிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்ட ஒரே ஆள்.

டீச்சர்தான் பேசினார். "இவ்வளவு அழகா கிடக்கு. இதைக் கூட்டித் தள்ள உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

"மனசு எங்க டீச்சர் வருது? சூப்பர்வைசர்தான் வருவாரு."

மூவரும் சிரித்தார்கள். நான் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று வரியாக உடைக்கப்பட்டு அறிவிப்புப் பலகையில் தொங்கியது. கீழே இன்ஜினீயர் பெயர்.

'நிறுத்து' என்ற அன்றைக்கே செயலாளர் ஓர் உத்தரவும் போட்டார். இந்தச் செயலாளர் விதி எண் சொல்லாமல் தும்மக்கூட மாட்டார். "இனிமே எட்டு மணி வரைக்கும் பூவைத் தொடாதே. வெளிச்சம் நல்லா வர்ற நேரம் அதுதான். நாங்க படம் எடுத்த பிறகு கூட்டிக்கோ" என்றார்.

"விதி பதினாலு இருக்கே சார்?"

"விதியை எழுதினதே நான்தான்."

"அப்போ இதையும் ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார்."

"ஏன், என் வாய் வார்த்தை போதாதா உனக்கு?"

போதும் என்று சொன்னேன். என் வாயில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

பூவை விட்டுவைத்தால் போதும், வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. தானாக விழுந்த பூவுக்கு நடுவில் பஸ் டிக்கெட் கிடந்தது. காக்கை தன் பங்கைச் செய்திருந்தது. நாலாவது பிளாக் நாய் தன் பங்கைச் செய்திருந்தது. இன்ஜினீயர் கேமராவில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இயற்கை கொஞ்சம் அசிங்கமா இருக்கும்மா. நீ என்ன பண்றே, முதல்ல எல்லாத்தையும் சுத்தமா கூட்டிடு. அப்புறம் நல்ல பூவா பொறுக்கி மறுபடியும் போட்டுடு. ஆனா போட்ட மாதிரி தெரியக் கூடாது. விழுந்த மாதிரி இருக்கணும்."

அதிலிருந்து என் பிழைப்பு இதுதான். ஐந்து மணிக்கு நடைபாதை முழுவதையும் கூட்டுவேன். வாடிய பூவை ஒதுக்கிவிட்டு நல்ல பூவாக ஒரு வாளி எடுத்துக்கொள்வேன். பிறகு கூட்டிய இடத்திலேயே கொட்டி, பரப்பி, விழுந்த மாதிரி செய்வேன். பனித்துளி வேண்டும் என்றார்கள். கண்ணாடி துடைக்கும் மருந்து வந்த காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அடித்தேன். எங்கள் குடியிருப்பில் பனித்துளிக்கு எலுமிச்சை வாசனை உண்டு.

"கூட்டுறதுக்குச் சம்பளம் தர்றாங்க. கொட்டுறதுக்கு யாரு தர்றா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வாரம் இன்ஜினீயர் பலகையில் ஒட்டிய கவிதையில் அதற்குப் பதில் இருந்தது.

*கம்பளம் விரித்தாய் இயற்கைத் தாயே*
*கூலி ஏதும் கேட்டாயா நீயே*

ஒரு நாள் அவர் இன்னொரு குறை கண்டுபிடித்தார். "நேத்து மாதிரியே இருக்கே? இயற்கை ஒரு நாள் இருக்கிற மாதிரி இன்னொரு நாள் இருக்காதும்மா" என்றார். நேற்று எப்படிப் போட்டேன் என்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அதனால் என் மகள் கழித்துக் கட்டிய ஃபோனில், மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட ஃபோன் அது, தினமும் போட்டு முடித்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் அதைப் பார்த்து வேறு மாதிரி போடுவேன். முதலில் வாளியும் துடைப்பமும் பாட்டிலும்கூடப் படத்தில் விழும். போகப் போகக் கை நிதானப்பட்டது. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது பிடித்துப்போனது. வெயில் எந்தப் பக்கம் விழும், எந்த இடத்தில் பூவைக் குறைத்தால் மற்ற இடம் எடுப்பாகத் தெரியும் என்று குளிக்கும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். என் மகள் படங்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ அவங்களைவிட நல்லா எடுக்குற" என்றாள். போடி என்று சொன்னேன். ஆனால் அன்று முழுவதும் சிரித்த முகமாகவே கூட்டினேன்.

பிறகு போட்டி வந்தது. நகரத்தில் ஏதோ ஒரு கலைக்கழகம் நடத்திய போட்டி. தலைப்பு 'கை படாத அழகு'. விதி ஒன்றே ஒன்றுதான். படத்தில் இருக்கும் எதையும் மனிதக் கை தொட்டிருக்கக் கூடாது. படமும் கவிதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வட்டத்தில் எட்டுப் பேரும் அனுப்ப முடிவு செய்தார்கள். எட்டுப் பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து, தங்களுக்குக் கொஞ்சம் நல்ல பூவாகப் போடச் சொன்னார்கள்.

டீச்சர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"பூ எல்லாரும் எடுப்பாங்க. எனக்கு ஒரு நத்தை கிடைச்சா நல்லா இருக்கும். பூ மேல நத்தை" என்றார்.

"இப்ப எங்க டீச்சர் நத்தைக்குப் போறது?"

"பின்பக்கம் சாக்கடை ஓரமா இருக்கும். நீ பார்த்திருப்பே."

பார்த்திருக்கிறேன், கூட்டித் தள்ளியும் இருக்கிறேன். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சாக்கடையில் போகிற நத்தையை என் மகளின் டிபன் டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டேன். மூச்சு விட மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். மகள் அன்றைக்குச் சாப்பாடு எடுத்துப் போகாமல் என்னைத் திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை நத்தையைப் பூமேல் விட்டோம். அது கல்லுளிமங்கன் மாதிரி ஓட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. நாற்பது நிமிடம் நானும் டீச்சரும் குந்தியபடி காத்திருந்தோம். வெளியே வந்தது, ஆனால் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் இரண்டு விரலால் தூக்கித் திருப்பி வைத்தார். மறுபடியும் அது திரும்பிக்கொண்டது. மறுபடியும் வைத்தார். மூன்றாவது தடவை அவர் கை நத்தையை இறக்கும்போது நான் என் ஃபோனில் ஒரு படம் எடுத்தேன். நாளைக்கு இன்னொருவர் நத்தை கேட்டால் எப்படிச் செய்தோம் என்று தெரிய வேண்டுமே. படத்தில் நத்தை இருந்தது, பூ இருந்தது, டப்பா இருந்தது, ஒரு பச்சைக் கல் விழுந்துபோன மோதிரத்தோடு டீச்சரின் கை இருந்தது.

டீச்சருக்கு முதல் பரிசு கிடைத்தது. அவருடைய கவிதை இது.

*யாரும் அழைக்கவில்லை*
*தானே வந்தது*
*தன் வீட்டைத் தானே சுமந்துகொண்டு*

ஹாலில் பாராட்டு விழா நடந்தது. நாற்காலி போட்டவள் நான். முடிந்த பிறகு டீச்சர் ஒரு துண்டு கேக்கை என் கையில் வைத்து, "இது நம்ம ரெண்டு பேரோட பரிசு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசுக் கேடயம் அவர் வீட்டு அலமாரிக்குப் போனது. என் பாதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

டீச்சருக்குப் பரிசு கிடைத்ததில் செயலாளருக்குத் தூக்கம் போய்விட்டது. நத்தை சின்ன விஷயம், நடைபாதை முழுவதையும் கேட்டிலிருந்து கடைசி மரம்வரை ஒரே படத்தில் எடுக்கிறேன் பார் என்று கிளம்பினார். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், காலை ஏழே முக்கால். நான் மூன்று வாளி பூ போட்டிருந்தேன்.

"பனி பத்தலை. இன்னும் அடி" என்றார்.

அடித்தேன். அவர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முழுதும் அடங்கவில்லை. இன்னும் பின்னால் போனார். "சார், பார்த்து, ஈரம்" என்று கத்தினேன். கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, கட்டையை வைத்துக் காலைக் கட்டியது என் மகள். வண்டியில் கொண்டுபோனது என் வீட்டுக்காரர்.

போன மாதம் அவர் எழுதிய கவிதை இன்னும் பலகையில் இருந்தது.

*உதிர்ந்த பூவே*
*உன்மேல் நான் விழுந்தால்*
*உனக்கு வலிக்குமா*

விழும்போது அவர் விரல் கேமராவை அமுக்கியிருக்கிறது. கொஞ்சம் வானமும் பறந்துகொண்டிருந்த ஒரு செருப்பும் படத்தில் விழுந்திருந்தன. அவர் இதுவரை எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம் என்று வட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

நாலாவது பிளாக்கில் ஒரு வக்கீல் இருக்கிறார். அழகு வட்டத்தில் சேராதவர், எந்த வட்டத்திலும் சேராதவர். "ஏழே முக்காலுக்கு நடைபாதை ஏன் குப்பையா கிடந்தது? விதி பதினாலு என்ன ஆச்சு?" என்று எழுதிக் கேட்டுவிட்டார். எழுதிக் கேட்டால் எழுதித்தானே பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது நாள் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பணியில் அலட்சியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்ய வேண்டும். கீழே செயலாளர் கையெழுத்து. கால்தான் முறிந்திருந்தது, கை நன்றாகவே வேலை செய்தது.

அன்று அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஆடுகிற தட்டுகள், மகளின் புத்தகங்கள், அவளுக்கு அடுத்த மாதம் கடைசித் தேர்வு. வீட்டைச் சுமந்துகொண்டு போகிற வசதி நத்தைக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

முதலில் இன்ஜினீயரிடம் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் 'அழகா இருக்கு'ன்னுதாம்மா சொன்னேன். 'போடு'ன்னு சொன்னேனா?"

"பொறுக்கிப் போடுன்னு சொன்னீங்களே சார். போட்ட மாதிரி தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அது பொதுவா அழகைப் பத்திச் சொன்னது." கதவு மூடிக்கொண்டது.

டீச்சர் வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். காகிதத்தைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே. கூட்டத்துல நான் சொல்றேன். நாங்க கேட்டுத்தான் நீ செஞ்சேன்னு சொல்றேன்" என்றார். மலைபோல வந்தது பனிபோலப் போய்விட்டது என்று இறங்கி வந்தேன்.

"ஃபோன்ல எல்லாப் படமும் தேதியோட இருக்கும்மா. கையில எடுத்துட்டுப் போ" என்றாள் மகள்.

"எதுக்குடி? டீச்சர்தான் சொல்றாங்களே."

"எதுக்கும் சார்ஜ் போட்டு வை."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நாற்காலிகளை நானே வரிசையாகப் போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். செயலாளர் மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டின் மேல் வட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு கவிதை எழுதியிருந்தார்கள். அவர் காகிதத்தைப் படித்தார். பிறகு, "என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லித்தான் சார் பூவை விட்டேன். எட்டு மணி வரைக்கும்."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

அவருக்கு வெட்கமே இல்லை. நான் இன்ஜினீயரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே இயற்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டத்து ஆட்கள் எட்டுப் பேரும் இருந்தார்கள், எட்டுப் பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் சொல்வாங்க. அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

டீச்சர் எழுந்தார். "இந்த விஷயத்துல நாம கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வக்கீல் குறுக்கே விழுந்தார்.

"ஒரு நிமிஷம் டீச்சர். பூவெல்லாம் இவங்க கொண்டுவந்து போட்டதுன்னா, உங்க நத்தையும் போட்டதுதானா? அப்போ அந்தப் பரிசு?"

டீச்சர் தன் மோதிரத்தைத் திருகினார். ஒரு முறை என்னைப் பார்த்தார். கலைக்கழகம் அடுத்த மாதம் அவரை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நத்தை தானாத்தான் வந்தது," என்றார். "மத்தபடி யார் என்ன சொன்னாங்கன்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்லை."

உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் கைவிட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இன்ஜினீயரிடம் நான் எதிர்பார்க்கவும் இல்லை. டீச்சர் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. நாற்பது நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தோம். நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, நத்தையையும் சேர்த்துத்தான் சொன்னேன். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தேன்.

"எழுத்துல இல்லை சார். படத்துல இருக்கு."

அவர் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அறுபத்து மூன்று படங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, காலை ஐந்தே முக்கால், ஐந்து ஐம்பது என்று நேரம். கூட்டிய நடைபாதை, அதன்மேல் விரித்த பூ, ஓரத்தில் வாளி, பனித்துளி பாட்டில். இன்ஜினீயர் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அட, இந்த ஃப்ரேம் பிரமாதமா இருக்கே! இந்த வெளிச்சத்தைப் பாருங்க. யாரும்மா எடுத்தது?"

"துப்புரவு ரெண்டு எடுத்தது சார்."

"வாளியை ஓரமா விட்டிருக்கே பாரு, அங்கதான் கவிதை இருக்கு!"

இரண்டு பேர் பழக்கதோஷத்தில் 'ஆகா' என்றே சொல்லிவிட்டார்கள். எனக்கு வீடு போகிறது, இவர்களுக்கு வாளியில் கவிதை தெரிகிறது. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்டூலை உதைத்திருப்பேன். கால் இருந்ததால் விட்டேன்.

செயலாளர் அடுத்த படத்துக்குப் போனார். அவர் விரல் நின்றது. படத்தைப் பார்த்தார், டீச்சரின் கையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். வக்கீல் "என்ன அது?" என்று எழுந்தார். செயலாளர் ஃபோனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஒரு படத்தை அழிச்சிடு. வெளிய தெரிஞ்சா நம்ம குடியிருப்பு மானமே போயிடும். எல்லாத்தையும் பேசி முடிச்சிக்கலாம்."

"முதல்ல எழுதுங்க சார்."

"என்ன எழுத?"

"எட்டு மணி வரைக்கும் பூ கிடக்கணும்னு சங்கம்தான் சொன்னதுன்னு எழுதுங்க. என்மேல தப்பு இல்லைன்னு எழுதுங்க. அந்த ரூம் எங்களுக்குத்தான்னு எழுதுங்க. மினிட்ஸ் புக்ல எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. வாய் வார்த்தை எனக்குப் போதாது."

எழுதினார்கள். எழுதும்போதும் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. 'உதிர்ந்த மலர்கள்' என்று போடலாமா, 'வீழ்ந்த மலர்கள்' என்று போடலாமா என்று இன்ஜினீயர் ஐந்து நிமிடம் விவாதித்தார். கடைசியில் எட்டுக் கையெழுத்தும் விழுந்தன. டீச்சர் கடைசியாகப் போட்டார். நான் மினிட்ஸ் புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வட்டத்தில் யாரும் அதற்கு 'ஆகா' சொல்லவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன். கூட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பூ விழுந்தது விழுந்தபடி கிடந்தது. ஓரிடத்தில் குவியலாக, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல், நடுவில் ஒரு பஸ் டிக்கெட். நான் போட்டால் இப்படிப் போட்டிருக்க மாட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு பூ மிச்சமில்லாமல் கூட்டினேன். ஆறு மணிக்கு நடைபாதை துடைத்த தட்டாக இருந்தது.

ஏழரைக்கு வட்டம் வந்தது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெறும் சிமெண்டைப் பார்த்து நின்றார்கள்.

"பூவெல்லாம் எங்கம்மா?" என்றார் இன்ஜினீயர்.

"குப்பைத் தொட்டியில இருக்கு சார். அங்க போய் எடுங்க. யாரும் கை வைக்க மாட்டாங்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். போய்விட்டார்கள்! தொட்டியைச் சுற்றிக் குனிந்து, நிமிர்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கால்மணி நேரம் எடுத்தார்கள். இந்த வாரப் பலகையில் 'குப்பையும் கோபுரமே' என்று ஒரு கவிதை தொங்குகிறது. இவர்களைத் திருத்த யாராலும் ஆகாது.

டீச்சர் மட்டும் அவர்களோடு போகவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கேமரா கொண்டுவரவில்லை. நான் கேட் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று நானும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். சாப்பிட்டியா என்று கேட்டிருந்தால்கூடப் போதும். எனக்கு மனது இறங்கித்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அழுதிருப்பேன்.

"அந்தப் படம்," என்றார். குரல் வழக்கம்போல மெதுவாக இருந்தது. "அழிச்சிட்டியா?"

அவர் விரலைப் பார்த்தேன். மோதிரத்தைக் கழற்றியிருந்தார்.

"இல்லை டீச்சர்."

"ஏம்மா? அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே."

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

"எவ்வளவு அழகா விழுந்திருக்கு. அதை அழிக்க எப்படி டீச்சர் மனசு வரும்?"